சுண்டுவின் தட்டு

அந்தத் தெருவில் பிரிட்ஜ் குளிராமல் போனாலும், துணி துவைக்கிற மெஷின் வீடு அதிர ஆடினாலும் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான். மெக்கானிக் என்றால் போதும், சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கதவு கழற்றிய பிரிட்ஜ் ஒன்றிரண்டு எப்போதும் அங்கே வாய் பிளந்து நிற்கும். மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள், தெருவுக்கு அவள் டிரைவர். விடிவதற்கு முன்பே டெப்போவுக்குக் கிளம்பிவிடுவாள் என்பதால் அடுப்படி மெக்கானிக்கின் ராஜ்ஜியம்.

ஒரே மகள். பிறந்தபோது கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தாள். சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

மூன்று வயதில்தான் அது வந்தது. சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள், தலை பொசுக்கென்று தட்டில் விழும். அடுத்த நொடி ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்து பார்ப்பாள். முதலில் தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள். ஒரு வாரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே விழ ஆரம்பித்தாள். மோவாயில் இரண்டு தையல், நெற்றியில் நாலு. ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை. வலிப்பு என்றார்கள். நாலு மருந்து மாற்றிப் பார்த்தார்கள். ஒன்று அவளை நாள் முழுக்கத் தூங்க வைத்தது, இன்னொன்று கடிக்கிற பிள்ளையாக மாற்றியது. வலிப்பு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. பஞ்சு வைத்த தொப்பியோடுதான் வீட்டுக்குள்ளேயே நடந்தாள்.

ஐந்து வயதில் ஆஸ்பத்திரியின் நரம்பு டாக்டரம்மா அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். நாலு பங்கு கொழுப்புக்கு, மற்றதெல்லாம் சேர்த்து ஒரே ஒரு பங்கு. சோறு கிடையாது, ரொட்டி கிடையாது, இனிப்பு கண்ணிலேயே படக்கூடாது. வெண்ணெய், பாலாடை, எண்ணெய், முட்டை, அதோடு விரல் நுனி அளவு காய். எல்லாவற்றையும் கிராம் கிராமாக நிறுத்துப் போட வேண்டும். கடைசியில் ஒரு சின்னக் கிண்ணம் எண்ணெயை மருந்துபோலக் குடிக்க வேண்டும். தட்டில் ஒட்டியிருப்பதைக்கூட வழித்து ஊட்டிவிட வேண்டும்.

"இதெல்லாம் ஒரு பிள்ளை சாப்பிடுமா?" என்று டிரைவர் அழுதேவிட்டாள்.

மெக்கானிக் அழவில்லை. பிரிட்ஜில் கேஸ் அழுத்தத்தைப் புள்ளி சுத்தமாக வைக்கத் தெரிந்தவன், வெண்ணெயை நிறுக்கவா தெரியாது? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். பல் விளக்கும் பேஸ்ட்டில் இனிப்பு இருக்கிறதா என்று கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டான். இருமல் வந்தால் சிரப் கூடாது, மாத்திரையைப் பொடி செய்து கொடுத்தான். எதிர்வீட்டு டீச்சர் பாசத்தோடு ஒரு பிஸ்கட்டை நீட்டியபோது அதைத் தட்டிவிட்டு அவன் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டான். ஆனால் இன்னொரு தடவை நீட்டினாலும் தட்டிவிடத்தான் செய்திருப்பான்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் சுண்டு விழவே இல்லை. அடுத்த நாளும் விழவில்லை. பத்தாம் நாள் தொப்பியைக் கழற்றிப் பரண்மேல் போட்டார்கள். ஆறாவது மாதம் மாத்திரைகளும் ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றன.

அதிலிருந்து இரண்டரை வருஷம் ஓடிவிட்டது. சுண்டுவுக்கு எட்டு முடியப்போகும் நேரத்தில், பரிசோதனைத் தாள்களைப் புரட்டிக்கொண்டே டாக்டரம்மா சொன்னார், "இனிமே போதும்."

"எதுங்க போதும்?" என்றான் மெக்கானிக்.

"இந்தச் சாப்பாடு. ரெண்டரை வருஷமா ஒரு தடவகூட வரல, மூளை அலையக் காட்டுற இ.இ.ஜி.யும் நல்லா இருக்கு. ஆனா உயரம் ஏறவே மாட்டேங்குது பாருங்க. கிட்னியில பொடிக்கல்லு தெரியுது. இது ஒரு வைத்தியம்தான், காலம் முழுக்கச் சாப்பிடுறதுக்கு இல்ல."

"நிறுத்தினா திரும்ப வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"மாட்டேன்," என்றார் டாக்டரம்மா, கோபப்படாமல். "பத்துப் பிள்ளைங்கள்ல ரெண்டு பேருக்குத் திரும்ப வருது. வந்தா என்ன செய்யணும்னு நமக்குத் தெரியும். ஒரேயடியா நிறுத்தப் போறதில்ல. நாலுல இருந்து மூணு, மூணுல இருந்து ரெண்டுன்னு கொஞ்சம் கொஞ்சமா எறங்குவோம்."

சாப்பாட்டுப் பட்டியல் போட்டுத் தருகிற பெண்ணை எல்லாரும் டயட் மேடம் என்பார்கள். அவர் புதுப் பட்டியலைக் கையில் கொடுத்தார். காலையில் கால் துண்டு ரொட்டி என்று அதில் இருந்தது. டிரைவர் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தாள். மெக்கானிக் பழைய பட்டியலைத்தான் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் ரொட்டி வாங்கினான். கால் துண்டு வெட்டித் தட்டில் வைத்தான். வைத்த கையாலேயே எடுத்துக் குப்பையில் போட்டான். நன்றாக ஓடுகிற மெஷினை யாராவது திறப்பார்களா? தொழிலில் முதல் பாடமே அதுதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நோட்டில் புதுப் பட்டியலை எழுதினான், தட்டில் பழைய பட்டியலைப் போட்டான். நாளைக்கு மாற்றலாம், இந்த வாரம் பள்ளியில் பரீட்சை, அடுத்த வாரம் சளி என்று தள்ளிப்போட்டு மூன்று வாரம் ஓட்டிவிட்டான். டிரைவர் வேலைக்குப் போன பிறகுதான் காலைச் சாப்பாடு, அவள் திரும்புவதற்குள் மதியச் சாப்பாடும் முடிந்துவிடும். இரவு ஒரு வேளைதான் அவள் கண்ணில் படும். அதற்கு மட்டும் கவனமாகப் புதுப் பட்டியல்படி சமைத்தான். வாழ்க்கையில் அவளிடம் அவன் செய்த முதல் திருட்டு அது.

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கொழுப்பையே எரித்து வாழும் உடம்பில் கீட்டோன் என்று ஒன்று ரத்தத்தில் ஏறி நிற்கும். பட்டியல் இறங்கினால் அதுவும் இறங்க வேண்டும். டயட் மேடம் சுண்டுவின் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். மீட்டரைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

"மூணுக்கு ஒண்ணுன்னு ஒழுங்கா எழுதியிருக்கீங்க. ஆனா கீட்டோன் பழைய எடத்துலயே நிக்குதே?"

மெக்கானிக் கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்தான். பேருந்தைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை பார்த்தாள் டிரைவர். அவளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

"அந்த மெஷின் கெட்டுப் போயிருக்கும் மேடம்," என்றாள் சுண்டு. "எங்க அப்பாகிட்ட குடுங்க, சரி பண்ணிக் குடுப்பாரு."

டயட் மேடம் சிரித்தார். ஆனால் நோட்டை மூடி மெக்கானிக்கின் பக்கம் தள்ளியபோது சிரிப்பு இல்லை. "பயமா இருந்தா சொல்லுங்க. மெதுவா எறங்கலாம். பொய்க் கணக்க வெச்சுக்கிட்டு என்னால எதுவும் செய்ய முடியாது."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். இரண்டு பேருந்து வந்து போயிற்று, டிரைவர் ஏறவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது மெக்கானிக்குக்கு. சுண்டுதான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு மொத நாளே தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"எண்ணெய்க் கிண்ணம். மேடம் பாதியா குறைக்கச் சொன்னாங்கல்ல? நீ அதே அளவுதான் ஊத்தின. ரொட்டியக் குப்பையில போட்டதயும் பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

சுண்டு தோளைக் குலுக்கினாள். "சொன்னா நீ பயப்படுவ. அதான் குடிச்சிட்டேன்."

எட்டு வயதுப் பிள்ளை, தகப்பன் பயப்படக்கூடாதே என்று மூன்று வாரம் எண்ணெயைக் குடித்திருக்கிறது. யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் இந்த வீட்டில்? நிறுத்தத்தின் இரும்பு இருக்கையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் டிரைவர் வாயைத் திறந்தாள். "எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனச்சீங்களா? அவ முதல் தடவ விழுந்தன்னிக்கி நான் வண்டியில இருந்தேன். இன்னிக்கு வரைக்கும் போன் அடிச்சா அவளுக்குத்தான் என்னமோன்னு இருக்கு. அதுக்காக வண்டிய நடுரோட்டுல நிறுத்திட முடியுமா? பின்னாடி அறுபது பேர் உக்காந்திருக்காங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இனிமே என்கிட்ட மறைக்காதீங்க. பயந்தா ரெண்டு பேரும் சேந்து பயப்படுவோம்."

"சரி," என்றான் மெக்கானிக். "நாளைக்குக் காலையில ரொட்டி."

சொன்னபடி செய்தான். மறுநாள் காலை கால் துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவி மகள் முன்னால் வைத்தான். எங்கே பாய்ந்து தின்றுவிடுவாளோ என்று பார்த்தால், சுண்டு கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக ரொட்டி என்றால் பாம்பு என்று சொல்லி வளர்த்த பிள்ளை அல்லவா?

"இத சாப்பிட்டா வருமாப்பா?"

வராது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டான். "தெரியலடா. வராதுன்னுதான் டாக்டரம்மா நெனைக்கிறாங்க. வந்தா நான் இங்கயே இருக்கேன்."

சுண்டு ஒரு ஓரத்தைக் கடித்தாள். மென்றாள். முகத்தைச் சுளித்தாள். "பஞ்சு மாதிரி இருக்கு. இதுக்கா இவ்ளோ நாள் அழுதேன்?"

மூன்றுக்கு ஒன்று ஒரு மாதம் நின்றது. பிறகு இரண்டுக்கு ஒன்று. மாதம் ஒரு படி என்று இறங்கவில்லை, சில படியில் இரண்டு மாதம் நின்றார்கள். அரை உருளைக்கிழங்கு வந்தது, நாலு ஸ்பூன் சோறு வந்தது. வாழைப்பழத்தின் மூன்று வில்லையை அரை மணி நேரம் வைத்து நக்கி நக்கித் தின்றாள். ஒவ்வொரு புதுச் சாப்பாட்டுக்கும் அடுத்த மூன்று நாள் மெக்கானிக் வெளிவேலைக்குப் போகமாட்டான். பட்டறையில் உட்கார்ந்து கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டிருப்பான், ஒரு காது உள்ளேயே இருக்கும். பாத்திரம் விழுந்தால் ஓடுவான். சுண்டு வேண்டுமென்றே ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு, அவன் ஓடி வந்து நிற்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். "ஒரு நாள் இல்ல ஒரு நாள் ஒத வாங்கப் போற," என்பான். வாங்கியதில்லை.

ஐந்தாவது மாதம் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் பரவியது. சுண்டுவுக்கும் வந்தது. ஒரு மதியம் பட்டறையிலேயே பாயைப் போட்டு அவளைப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கதவு ரப்பர் மாற்றிக்கொண்டிருந்தான் மெக்கானிக். ஈரத்துணியை மாற்றப் போனபோது அவள் கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. அப்புறம் கை கால் வெட்ட ஆரம்பித்தது.

மூன்று வருஷமாக எந்த நிமிஷத்தை நினைத்துப் பயந்தானோ அந்த நிமிஷம் வந்தேவிட்டது. பக்கத்தில் கிடந்த ஸ்குரூ டிரைவரையும் பெட்டியையும் காலால் தள்ளிவிட்டான். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தான். தலைக்குக் கீழே தன் சட்டையைச் சுருட்டி வைத்தான். வாயில் எதையும் வைக்கவில்லை, பிடித்து அமுக்கவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டு, "அப்பா இருக்கேன்டா, அப்பா இருக்கேன்டா," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஐந்து நிமிஷம் தாண்டினால் மூக்கில் அடிக்கிற மருந்து பக்கத்து அலமாரியில் இருக்கிறது. அதுவரை போகவில்லை. ஒரு நிமிஷம் ஐம்பது நொடியில் நின்றது. மூச்சு சீராகிற வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி வண்டிக்கும் டிரைவருக்கும் போன் போட்டான்.

அரை மணி கழித்து, ஆஸ்பத்திரி வண்டியில் போகும்போதே சுண்டு கண் விழித்தாள். "தண்ணி," என்றாள். பிறகு, "சட்டையில்லாமயா வந்த?" என்றாள்.

டாக்டரம்மா எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு இருவரையும் உட்கார வைத்தார். "காய்ச்சல் இழுத்து விட்டிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ரெண்டு வழி இருக்கு. திரும்ப நாலுக்கு ஒண்ணுக்கே ஏறிடலாம். இல்லன்னா, சின்ன அளவுல ஒரு மாத்திரைய ஆரம்பிச்சு, இப்ப இருக்கிற படியிலயே கொஞ்ச நாள் நின்னு, அப்புறம் எறங்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

வராந்தாவில் டிரைவர் சுவரில் சாய்ந்துகொண்டாள். யூனிபார்மைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள். அவ்வளவு தைரியம் சொன்னவள் குரல் உடைந்திருந்தது. "ஏறிடலாமாங்க? நான்தான் உங்கள நெருக்கிட்டேனோ?"

"நீ நெருக்கல. நான்தான் எறங்கினேன்." மெக்கானிக் யாரோ கொடுத்த ஆஸ்பத்திரிச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினான். "இந்தா பாரு, ஏறினா மட்டும் என்ன? கிட்னியில கல்லு வளரும், பிள்ள வளராது. நான் மூணு வருஷமா நெனச்சது என்ன தெரியுமா? அது திரும்ப வந்தா அன்னிக்கோட எல்லாம் முடிஞ்சதுன்னு. வந்துச்சு. ரெண்டு நிமிஷம் இருந்துச்சு, போயிடுச்சு. இவ எந்திரிச்சு என்னைக் கிண்டல் பண்றா." குரல் கொஞ்சம் தடுமாறியது. "மாத்திரையப் போடுவோம். இதே படியில ஒரு மாசம் நிப்போம். அப்புறம் எறங்குவோம். நான் விடப் போறதில்ல."

டிரைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று வாரம் நோட்டில் பொய் எழுதிய அதே ஆள்தானா என்பது போல.

ஒரு மாதம் நின்றார்கள். டயட் மேடம் சொன்னதால் இரண்டாவது மாதமும் நின்றார்கள். மாத்திரை ஒத்துக்கொண்டது. முதல் வாரம் மட்டும் சுண்டு வகுப்பில் தூங்கி வழிந்தாள். பிறகு ஒன்றுக்கு ஒன்று. பிறகு ஒரு நாள் டயட் மேடம் பட்டியல் எழுதாமல் வெறும் தாளைக் கொடுத்தார். "வீட்ல என்ன சமைக்கிறீங்களோ அதுதான்," என்றார். இனிப்பு அளவோடு, மாத்திரை நேரத்தோடு, தூக்கம் தவறாமல். அவ்வளவுதான்.

சிக்கல் அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. பள்ளியில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு நாள் ஏரிக்கரை முகாமுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. கூடாரத்தில் தங்கி, ஒரே பானையில் சமைத்துச் சாப்பிடுவார்களாம். சுண்டு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். தலைமையாசிரியை அதில் தனியாக ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: உடல்நிலை காரணமாக இந்த மாணவி வீட்டிலேயே இருப்பது நல்லது.

பழைய மெக்கானிக்காக இருந்தால் மனதுக்குள் தலைமையாசிரியைக்கு மாலை போட்டிருப்பான். இப்போது தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

"பொறுப்பு எங்க தலையில விழும் சார்," என்றார் தலைமையாசிரியை. "டீச்சருங்க யாருக்கும் இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. பயப்படுறாங்க."

"தெரியாட்டி பயமாத்தாங்க இருக்கும். பத்து நிமிஷம் எல்லாரையும் உக்கார வைங்க, நான் காட்டுறேன்."

ஆசிரியர் அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிரீஸ் கறை படிந்த கால்சட்டையோடு மெக்கானிக் நடுத்தரையில் மல்லாந்து படுத்தான். "நான்தான் சுண்டு," என்றான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சிரிங்க, பரவால்ல. இப்ப எனக்கு வந்திடுச்சு. என்ன பண்ணுவீங்க?"

விளையாட்டு மாஸ்டர் ஓடிவந்து அவன் தோளை அழுத்திப் பிடித்தார். "விடுங்க சார், அமுக்கக் கூடாது. சுத்தியிருக்கிற நாற்காலிய எடுங்க. என்னை ஒருக்களிச்சுப் போடுங்க. தலைக்கு ஏதாவது மெத்துனு வைங்க. வாயில எதயும் திணிக்காதீங்க, தண்ணியும் வேணாம். ஒருத்தர் கடிகாரத்தப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா இந்த மருந்த மூக்குல அடிச்சிட்டு ஆம்புலன்சக் கூப்பிடுங்க."

ஆறு பேரும் ஆளுக்கொரு தடவை அவனைப் புரட்டினார்கள். கணக்கு டீச்சர் புரட்டிய வேகத்தில் அவன் தலை மேஜைக்காலில் மோதியது. நாலாவது தடவை தலைமையாசிரியையே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மண்டி போட்டார். எழுந்தபோது, தாளை வாங்கித் தான் எழுதிய குறிப்பை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"நீங்களும் கூட வர்றீங்களா?" என்று கேட்டார்.

வருகிறேன் என்று சொல்ல அவன் உடம்பு முழுக்கத் துடித்தது. "இல்லைங்க," என்றான். "அவ போகட்டும்."

அந்த இரண்டு நாளும் மெக்கானிக் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. ஒரு மெஷினைப் பூட்டி முடித்த பிறகு பார்த்தால் மூன்று திருகாணி மிச்சம். டிரைவர் லீவு போடாமல் தன் தடத்திலேயே வண்டி ஓட்டினாள். ஒவ்வொரு முனையிலும் வண்டியை நிறுத்திப் போன் போட்டு, "ஏதாவது?" என்பாள். "ஒண்ணுமில்ல," என்பான். "சரி," என்று வைத்துவிடுவாள்.

மறுநாள் சாயங்காலம் பள்ளி வாசலில் பேருந்து வந்து நின்றது. தலையில் இலையும் முழங்காலில் சேறுமாகச் சுண்டு இறங்கினாள். பின்னாலேயே வகுப்பு டீச்சர். "ஒரு குறையும் இல்ல சார். மாத்திரைய அவளே ஞாபகம் வெச்சு வாங்கிப் போட்டுக்கிட்டா. என்ன, மூணு தட்டு சாப்பிட்டா."

மெக்கானிக் மகளின் பையை வாங்கிக்கொண்டான். கேட்க ஆயிரம் இருந்தது. "சாப்பாடு எப்படிடா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டான்.

"கேவலம்பா," என்றாள் சுண்டு. முகம் முழுக்கப் பூரிப்பு. "சோறு ஒரு பக்கம் வேகவே இல்ல, ஒரு பக்கம் கரிஞ்சு போச்சு. உப்பே இல்ல. நாங்க எல்லாரும் சேந்து சமைச்சவங்கள திட்டுனோம் பாரு!"

வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். யார் முதலில் திட்டினார்கள், யார் துப்பினார்கள், சமைத்த விளையாட்டு மாஸ்டரின் முகம் எப்படிப் போனது என்று. மெக்கானிக் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே நடந்தான்.